பழையாற்றங்கரை வீட்டில் வெள்ளம் புகுந்தால் நட்டம் யார் தலையில்?

கேள்வி கேட்டவருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சுசீந்திரம் பக்கம், பழையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி ஒன்றரை நாள் நின்றதாக எழுதியிருக்கிறார். கட்டில், பிரிட்ஜ், தையல் இயந்திரம், பைக் எல்லாம் போய், குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் மட்டும் வந்திருக்கிறது. தூத்துக்குடிக்காரர்களுக்கு 6,000 கொடுத்தார்களே என்ற மனக்குறை வேறு. அரசு முழு இழப்பீடு தரச் சட்டத்தில் இடம் உண்டா, வெள்ளத்துக்கென்று காப்பீடு இருக்கிறதா, அப்பாவின் கும்பப்பூ (இரண்டாம் போக) நெல்லுக்கும் வாழைக்கும் என்ன வழி, அணையைத் திறந்துவிட்டவர்கள் மேல் வழக்குப் போடலாமா, தம்பி வாங்க நினைக்கும் வயல் நிரப்பிய மனை சரிப்படுமா என்று அடுக்கிக் கேட்டிருக்கிறார். கேள்விகள் ஐந்து போலத் தெரிந்தாலும் கேட்பது ஒன்றுதான்: வெள்ளம் வந்தால் நட்டம் யார் தலையில் விழும்?

பதில் சொல்லுமுன் நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பி வைக்க, நட்டத்தை மதிப்பிட்டு அறிக்கை கொடுக்கும் சர்வேயராக இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் அலைந்தவன். சட்டம் படித்தவன் அல்ல. நுகர்வோர் வழக்குகளில் அறிக்கை கொடுத்தும் குறுக்கு விசாரணையில் நின்றும் தெரிந்துகொண்டதுதான். ஆகவே காப்பீடு, நிவாரணக் கணக்கு பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வழக்கு பற்றிச் சொல்வதை ஒரு அனுபவஸ்தனின் கருத்தாக மட்டும் வையுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரு வரிப் பதில்: முழு இழப்பீடு தர வேண்டிய கடமை அரசுக்கு இல்லை. அரசு தருவது நிவாரணம். உங்கள் வீட்டில் போன பொருளின் விலைக்கும் நிவாரணத் தொகைக்கும் எந்தக் கணக்குத் தொடர்பும் கிடையாது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகோல்களை வகுக்கும் பொறுப்பைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்தது. பணம் வருவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களில் அந்த நிதிக்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் போடுகின்றன. எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வெளியிடும். மாநில அரசு விரும்பினால் தன் சொந்தப் பணத்திலிருந்து கூடுதலாகக் கொடுக்கலாம். பட்டியலில் உயிரிழப்புக்கு 4 லட்சம் என்றிருக்க, 2023 டிசம்பரில் தமிழக அரசு 5 லட்சமாக உயர்த்தியது அந்த வகையில்தான்.

2022-23 முதல் 2025-26 வரைக்கான அந்தப் பட்டியலை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள், கோபம் கொஞ்சம் தெளிவாகும். சமவெளியில் வீடு முழுவதும் இடிந்தால் 1,20,000 ரூபாய். கல், சிமென்ட் வீட்டில் பகுதிச் சேதம் என்றால் 6,500 ரூபாய், அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால்தான். மண் வீட்டுக்கு 4,000. குடிசை போனால் 8,000. துணிமணிக்குக் குடும்பத்துக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. இந்தக் கடைசி இரண்டும் வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுதாகச் சேதமடைந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் மூழ்கிக் கிடந்தாலோ மட்டுமே. உங்கள் வீட்டில் தண்ணீர் நின்றது ஒன்றரை நாள். சுவர் நிற்கிறது, தளம் நிற்கிறது. பட்டியலின் கண்ணுக்கு உங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பிரிட்ஜுக்கும் தையல் இயந்திரத்துக்கும் அதில் வரியே இல்லை. கைத்தொழில் செய்பவரின் கருவிக்குத் தனி வரி உண்டு. ஆனால் வீட்டுத் தையல் இயந்திரத்தை அதற்குள் கொண்டுவர வேண்டுமானால் அதுதான் வீட்டின் வருமானம் என்று காட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு கொக்கியும் உண்டு. இடிந்த வீடு அனுமதி பெற்ற கட்டடம் என்று மாநில அரசின் உரிய அதிகாரி சான்று தர வேண்டும் என்கிறது அந்தப் பட்டியல். ஆற்றுப் புறம்போக்கில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு வீட்டுச் சேதத் தொகை சிக்கலாவது இங்கேதான். பட்டா இல்லாத வீட்டுக்கு வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கலாம். அவை குடியிருப்பைக் காட்டும், அனுமதியைக் காட்டாது.

அப்படியானால் அந்த 6,000-மும் 1,000-மும் எங்கிருந்து வந்தன? அவை மாநில அரசு தனியாக அறிவித்த குடும்ப நிவாரணம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குக் கூடிய தொகையும், மற்ற பகுதிகளோடு கன்னியாகுமரி, தென்காசி மாவட்டங்களுக்குக் குறைந்த தொகையும் என்று அரசு வகை பிரித்தது. அது வட்டத்தையும் மாவட்டத்தையும் பார்த்துப் பிரித்தது. வீட்டைப் பார்த்து அல்ல. மேட்டில் இருந்த வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரே 1,000 வந்ததன் காரணம் அதுதான். நியாயமா என்றால், இல்லை. சட்டமீறலா என்றால், அதுவும் இல்லை. 'தேசியப் பேரிடர்' என்று அறிவித்திருந்தால் நிறையக் கிடைத்திருக்கும் என்று அப்போது பலரும் பேசினார்கள். அப்படி அறிவிக்கச் சட்டத்தில் பிரிவே இல்லை. கடுமையான பேரிடர் என்று வகைப்படுத்தினால் தேசிய நிதியிலிருந்து மாநிலத்துக்குக் கூடுதல் பணம் வரலாம், அவ்வளவுதான்.

நீதிமன்றம் போகலாமா? 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் கொரோனா மரணங்கள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்ச நிவாரண அளவுகோலை வகுப்பது ஆணையத்தின் கட்டாயக் கடமை என்று சொன்னது. ஆனால் எவ்வளவு தொகை என்று சொல்ல மறுத்து, அதை ஆணையத்திடமே விட்டுவிட்டது. கொள்கை உண்டு, தொகை அரசின் கையில் என்பதே அதன் சாரம். பேரிடர் சட்டத்தின் கீழ் நடந்தவற்றை எதிர்த்துக் கீழ் நீதிமன்றங்களில் வழக்குப் போட 71-ஆம் பிரிவு தடை போடுகிறது. நமக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். பட்டியலில் உங்களுக்கு இடம் இருந்தும் கிராம நிர்வாக அலுவலர் பெயரை விட்டுவிட்டார் என்றால் அங்கே போக நல்ல காரணம் இருக்கிறது. பட்டியல் போதாது என்று போனால் பலன் கிடைப்பது அரிது. இயற்கைச் சீற்றத்தில் கடன் சலுகை பற்றிப் பேசிய 13-ஆம் பிரிவு 2025 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இன்னமும் அதைக் காட்டித் தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி காப்பீடு. வெள்ளத்துக்கென்று தனிப் பாலிசி நம் நாட்டில் சாதாரண வீட்டுக்காரருக்கு விற்கப்படுவதில்லை, தேவையும் இல்லை. வீட்டுக் காப்பீட்டுக்குள்ளேயே வெள்ளம் அடங்கியிருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற ஒரே மாதிரிப் பாலிசியைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பாடு செய்தது. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நீர் சூழ்தல், நிலச்சரிவு எல்லாம் அதில் உள்ளடங்கியவை. கட்டடத்துக்கு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், பட்டியல் எதுவும் கொடுக்காமலே சேர்ந்துவிடும். பத்து ஆண்டு வரை ஒரே தடவையில் எடுக்கலாம்.

இந்தப் பாலிசியில் எனக்குப் பிடித்த அம்சம் வேறொன்று. பழைய பாலிசிகளில் 20 லட்சம் பெறுமான வீட்டை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 2 லட்சம் நட்டத்துக்கும் பாதிதான் கிடைக்கும். விகிதாசார வெட்டு என்பார்கள். நட்டத்தில் நிற்கிற மனிதரிடம் அதை விளக்கிச் சொல்வது என் வேலையிலேயே மிகக் கசப்பான பகுதி. புதிய பாலிசியில் அந்த வெட்டு கிடையாது. அதற்காகத் தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், வீடு முழுதாகப் போனால் அந்தத் தொகைதான் எல்லை. மனையின் விலையை இதில் சேர்க்க வேண்டாம். அதே வீட்டை இன்றைய கூலிக்கும் சிமென்ட் விலைக்கும் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதே கணக்கு. வெள்ளம் மண்ணைக் கொண்டுபோகலாம், மனையைக் கொண்டுபோகாது என்பது காப்பீட்டுக்காரர்களின் நம்பிக்கை. கடலோரத்து மக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கிடைக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ரொக்கப் பணம், பத்திரங்கள் வராது. நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். மழைக்காலந்தோறும் கூரைத் தளத்தில் ஊறி ஒழுகும் நீர், சுவரில் ஏறும் ஓதம் இவையெல்லாம் வெள்ளம் ஆகாது. பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவோம், தள்ளுவது சரியும்கூட. ஓலைக் கூரை, மரப்பலகைச் சுவர் என்றால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உண்மையை மறைத்து எடுத்த பாலிசி நட்டத்தின்போது காகிதமாகிவிடும். புயல் சின்னம் உருவாகட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். அந்த நேரத்தில் ஏற்றுக்கொள்வதை நிறுவனங்கள் தள்ளிப்போடும்.

வீட்டுக் கடன் இருக்கிறது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் ஒருவேளை உங்களுக்கு ஏற்கெனவே வெள்ளக் காப்பீடு இருக்கலாம். கடன் கொடுக்கும்போது அடமானச் சொத்துக்கு ஒரு பாலிசி எடுத்து, பிரிமியத்தைக் கடன் கணக்கில் ஏற்றிவிடுவது வங்கிகளின் வழக்கம். கடன் வாங்கியவர் கையில் பாலிசி நகல் இருப்பதில்லை. பல வீடுகளில் நான் இதைக் கண்டிருக்கிறேன்: நட்டம் நடந்து மாதங்கள் கழித்து, கடன் கோப்புக்குள்ளிருந்து பாலிசி வெளியே வரும். வங்கியில் எழுத்தில் கேட்டு நகல் வாங்கிப் பாருங்கள். கட்டடம் மட்டுமா, சாமான்களும் உண்டா, 2023 டிசம்பரில் அது நடப்பில் இருந்ததா என்ற மூன்றையும் பாருங்கள். இருந்தால் இப்போதும் எழுதிக் கேட்கலாம். தாமதம் என்ற ஒரே காரணத்தால் உண்மையான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் இத்தனை காலம் கழித்து நட்டத்தை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள் என்பது வேறு கேள்வி. உங்கள் பாலிசியைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நிரூபணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. தண்ணீர் வடிந்த மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது கடை பளிச்சென்று இருந்தது. கழுவிவிட்டு, சாம்பிராணி போட்டு, பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்திருந்தார்கள். நனைந்த அரிசி, பருப்பு, சீனி மூட்டைகளை நாற்றம் தாங்காமல் முந்தின இரவே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்களாம். கடைக்காரர் சொன்ன கணக்கு உண்மை என்று எனக்கு உள்ளூரத் தெரியும். ஆனால் எண்ணுவதற்கு ஒரு காலிச் சாக்குகூட இல்லை. கொடியில் காயப் போட்டிருந்த கணக்குப் புத்தகத்தில் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. கடைசியில் மொத்த வியாபாரியிடமிருந்து பில் நகல்களை வாங்கி, முந்தின மாத விற்பனையைக் கழித்து, ஒரு தோராயத்துக்கு வந்தோம். அவருக்குக் கிடைத்தது கிடைக்க வேண்டியதைவிடக் குறைவு. சுத்தம் செய்ததுதான் அவர் செய்த குற்றம்!

ஆகவே தண்ணீர் வடியும்போதே செய்ய வேண்டியதைக் கேளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்; அதன் பக்கத்தில் ஒரு அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். அதே கோடு அலமாரியிலும் கதவிலும் பிரிட்ஜிலும் ஒரே உயரத்தில் இருப்பதைத்தான் சர்வேயர் முதலில் பார்ப்பார். பொருள்களின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுங்கள். அழுகுகிற பொருளைக் கொட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரையோ வார்டு உறுப்பினரையோ காட்டி, ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொட்டுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல், தகவல் எண்ணைக் குறித்துவைத்தல், 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவம். அதே படங்களின் ஒரு பிரதியை வட்டாட்சியருக்கும் கொடுங்கள். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் சான்று ஒன்றேதான். கூட்டிச் சொல்லும் ஆசை வேண்டாம். நிவாரணத்துக்காகப் பொய்க் கணக்குக் கொடுப்பது பேரிடர் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். காப்பீட்டில் ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான மற்ற ஒன்பதும் சேர்ந்து போகும்.

பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் காசு கிடையாது. சொந்தச் சேதமும் சேர்ந்த பாலிசியாக இருந்தால் கிடைக்கும். அப்போதும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்க எஞ்சினைச் சுற்றினால் உள்ளுறுப்புகள் வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்த சேதமல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று நிறுவனம் சொல்லும். தள்ளிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார், கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வீட்டு அளவு நட்டங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக் கெடு. அங்கே காலம் பிடிக்கும், ஆனால் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கலாம். சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். அது வேதவாக்கு அல்ல என்று நானே சொல்கிறேன். தகுந்த காரணத்தோடு எதிர்த்தால் ஆணையங்கள் அதைத் தள்ளியிருக்கின்றன, என்னுடைய அறிக்கைகள் உட்பட.

அப்பாவின் நெல்லுக்கு வருவோம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரிஃப் (மழைக்கால) பருவ நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம், வாழை போன்ற தோட்டப் பயிருக்கு 5 சதவீதம். 2020 முதல் இது கடன் வாங்கியவருக்கும் கட்டாயமில்லை. இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஆலங்கட்டி, நிலச்சரிவு, நீர் சூழ்தல் போன்ற உள்ளூர்ச் சேதத்துக்கு ஒரு வயலை மட்டும் தனியாக மதிப்பிடும் வழி திட்டத்தில் உண்டு. ஆனால் நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே என்று சொல்லி, 2018-இல் நெல்லுக்கு நீர் சூழ்தலை எடுத்துவிட்டார்கள். கதிர் உறைக்குள் திரளும் பொதிப் பருவத்தில் பயிர் மூழ்கினால் என்ன ஆகும் என்று தோவாளையில் எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். அதன் பிறகு அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதும் சராசரி விளைச்சல் குறைந்தால் மட்டுமே நெல்லுக்குப் பணம் என்றானது. ஆற்றை ஒட்டிய பத்து வயல் மூழ்கி, மேட்டு வயல்கள் நன்றாக விளைந்தால் சராசரி சரியாகவே இருக்கும், பத்துப் பேருக்கும் ஒன்றும் வராது. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், 2026 காரிஃப் முதல் நெல் மூழ்குவதை மறுபடி சேர்ப்பதாக அறிவித்தது. ஆகவே இனி கன்னிப்பூவோ (முதல் போகம்) கும்பப்பூவோ, பிரிமியம் கட்டும் கெடுத் தேதியை வேளாண் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் தகவல் போய்விட வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பாதிப் பேர் இழக்கிறார்கள். தண்ணீரும் வற்றியிருக்காது, மின்சாரமும் வந்திருக்காது, கெடு முடிந்திருக்கும்.

காப்பீடு இல்லாவிட்டாலும் பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் போனால் நிவாரணப் பட்டியலில் இடம் உண்டு: பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. இதற்கு எல்லை 2 ஹெக்டேர். 2017 ஒக்கிப் புயலில் ரப்பரும் தென்னையும் வேரோடு சாய்ந்தபோது நம் மக்களுக்கு இந்தக் கணக்கின் போதாமை நன்றாகவே விளங்கியது. காய்க்கிற தென்னை ஒன்றை வளர்த்தெடுக்க எத்தனை ஆண்டு என்பதை ஹெக்டேர்க் கணக்கு அறியாது. தென்னைக்கு மரக் கணக்கில் பிரிமியம் வாங்கும் தனிக் காப்பீட்டுத் திட்டம் தென்னை வளர்ச்சி வாரியம் மூலம் இருக்கிறது, பெரும்பகுதி மானியம். அப்பாவுக்குத் தென்னை இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

அணை பற்றி. இங்கே நான் ஊகத்தையும் உறுதியையும் பிரித்துப் பேச வேண்டும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. அவற்றிலிருந்து திறக்கும் உபரி நீர் கோதையாறு, பரளியாறு வழியாகக் குழித்துறைத் தாமிரபரணிக்குப் போகிறது. திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவதும், குழித்துறைச் சப்பாத்துப் பாலம் மூழ்குவதும், வைக்கல்லூர், மங்காடு பக்கம் வீடுகளைச் சூழ்வதும் அந்தத் தண்ணீர். உங்கள் பழையாறு சுருளோட்டுப் பக்கம் தொடங்கி, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைத் தொடுவது. அதில் வரும் பெருவெள்ளத்தில் பெரும்பங்கு தோவாளை மலைப்பக்கத்து மழையும் நிறைந்து மறுகால் பாயும் குளங்களும் கொண்டுவருவது. ஆகவே உங்கள் வீட்டில் ஏறியது அணை திறந்த தண்ணீர்தான் என்று நிரூபிப்பதே முதல் தடை. அதைத் தாண்டினாலும், நல்லெண்ணத்தோடு எடுத்த நடவடிக்கைக்காக அதிகாரிகள் மேல் வழக்கு நிற்காது என்று பேரிடர் சட்டத்தின் 73-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. எனக்குத் தெரிந்து பிடி கிடைக்கக்கூடிய இடம் எச்சரிக்கை. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரிய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எத்தனை மணிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள், எந்த ஊருக்கு எப்போது சொன்னார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். இழப்பீடு வருமோ வராதோ, அடுத்த முறை ஒலிபெருக்கி வண்டி முன்கூட்டியே வர அது உதவும்.

கொஞ்சம் என் அபிப்பிராயத்தையும் சொல்லி விடுகிறேன். காப்பீடு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள், அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே 1968 முதல் அரசே வெள்ளக் காப்பீடு விற்கிறது என்பது உண்மை. ஆனால் ஆற்றுச் சமவெளியில் கட்டடம் கட்டுவதற்கு விதி போட்டு நடத்துகிற ஊர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். பிரிட்டனில் 2016-இல் தொடங்கிய வெள்ள மறுகாப்பீட்டு (காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு) ஏற்பாடு, 2009 முதல் கட்டிய வீடுகளைச் சேர்ப்பதில்லை. தெரிந்தே பள்ளத்தில் கட்டுகிறவருக்கு ஊர்ப் பணத்தில் சலுகை கூடாது என்ற கணக்கு. நம் நாட்டில் வெள்ளச் சமவெளியை வகை பிரிக்கும் மாதிரிச் சட்ட வரைவை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978-லும் ராஜஸ்தான் 1990-லும் சட்டம் இயற்றின. தமிழ்நாடு இயற்றவில்லை. நம்மிடம் இருப்பது ஏரி குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்றும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அது குளத்துக்குள் கட்டியவரைத் தொடும், குளம் நிறைந்தால் தண்ணீர் பரவுகிற பட்டா வயலைத் தொடாது. களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்தில் 2008 முதல் நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கும் மீறல் உண்டு, விலக்கும் உண்டு. ஆனால் வயலை நிரப்புகிறவன் பயந்துகொண்டே நிரப்ப வேண்டியிருக்கிறது. இங்கே பகலிலேயே டிப்பர் ஓடுகிறது. நிலம் பற்றிய அந்த விதிகள் இல்லாமல் நிவாரணத்தையும் காப்பீட்டையும் மட்டும் பெருக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு நிரப்பிய மனையும் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளும், அதற்கு எல்லோரும் பிரிமியம் கட்டிக்கொண்டிருப்போம்.

தம்பியின் மனைக்கும் இதுதான் பதிலின் தொடக்கம். நஞ்சை நிலத்தை மனையாக்க நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவு வழியில் அனுமதி வேண்டும். விற்பவர் அந்த உத்தரவையும் மனைப்பிரிவு ஒப்புதலையும் காட்டட்டும். கிராமக் கணக்கில் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வாங்கி, பக்கத்துச் சர்வே எண்ணில் ஓடையோ வாய்க்காலோ குளத்தின் மறுகாலோ குறித்திருக்கிறதா என்று பாருங்கள். தரையில் காணாமல் போன வாய்க்கால் வரைபடத்தில் அப்படியே இருக்கும், மழைக்கும் அதன் பழைய வழி தெரியும். எல்லாம் சரியாக இருந்து வாங்குவதானால், 2023-இல் தண்ணீர் நின்ற கோட்டைப் பக்கத்து வீட்டுச் சுவரில் கேட்டு அளந்து, அதற்கு மேல் தரைமட்டம் வருகிறபடி அடித்தளச் செலவைப் போட்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சித்திரையில் மனை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.